பத்து நொடிப் பேரரசு

1989-ஆம் ஆண்டின் பிற்பகுதியில், வாஷிங்டன் நகரின் கூட்டாட்சி நீதிமன்றத்துக்கு ஓர் இளைஞர் தினமும் ஹெலிகாப்டரில் கொண்டுவரப்பட்டார். இரவில் அவரை அடைத்து வைத்திருந்த இடம் அண்டை மாநிலமான வர்ஜீனியாவில் உள்ள குவான்டிகோ ராணுவத் தளம். நகரத்துச் சிறையில் வைத்தால் கூட்டாளிகள் துப்பாக்கியோடு வந்து மீட்டுக்கொண்டு போய்விடுவார்கள் என்று அரசு அஞ்சியது. வழக்கைக் கேட்ட ஜூரிகளின் பெயர்கள் ரகசியமாக வைக்கப்பட்டன. அவர்களுக்குக் காவலாகக் குண்டு துளைக்காத கண்ணாடி நின்றது.

இத்தனை ஏற்பாடும் ரேஃபுல் எட்மண்ட் என்ற ஒருவருக்காக. கைதானபோது அவருக்கு வயது 24. அமெரிக்கத் தலைநகரின் கோகைன் வியாபாரத்தில் பெரும்பங்கு அவர் கையில் இருந்ததாக அரசுத் தரப்பு சொன்னது. வாரத்துக்கு இருபது லட்சம் டாலர் வரை புரண்டதாக அந்நாளைய மதிப்பீடுகள் கூறின. ஏப்ரலில் கைது, டிசம்பரில் குற்றவாளி என்ற தீர்ப்பு, மறு ஆண்டில் பரோல் இல்லாத ஆயுள் தண்டனை. நகரம் பெருமூச்சு விட்டது.

அதன் பிறகு நடந்ததுதான் ஆராய்ச்சியாளர்களை இன்றுவரை யோசிக்க வைக்கிறது. எட்மண்ட் வெளியில் இருந்த 1988-இல் வாஷிங்டனில் 369 கொலைகள் நடந்தன. அவர் கைதான 1989-இல் 434. அவர் கம்பிக்குள் உட்கார்ந்திருந்த 1990-இல் எண்ணிக்கை 470-ஐத் தாண்டியது. 1991-இல் 480-ஐ ஒட்டி நின்றது. கோகைன் கிடைப்பதிலும் பெரிய தட்டுப்பாடு வரவில்லை. பெரும்புள்ளி போய்விட்டார், வியாபாரம் மட்டும் நிற்காமல் நடந்தது. அப்படியானால் அந்த வியாபாரத்தை உண்மையில் தாங்கி நின்றது எது?

விடையைத் தேடுபவர் ஒரு மூலக்கூறில் தொடங்கி, மூளை வழியாகத் தெருமுனைக்கு வந்து, அங்கிருந்து வலையமைப்புக் கணிதத்துக்குள் நுழைய வேண்டியிருக்கிறது.

மூக்கிலிருந்து நுரையீரலுக்கு

ஆண்டீஸ் மலைவாசிகள் ஆயிரக்கணக்கான ஆண்டுகளாகக் கோகா இலையை மென்று வந்திருக்கிறார்கள். இலையை மெல்பவருக்குக் களைப்பும் பசியும் கொஞ்சம் தணியும், அவ்வளவுதான். 1860 வாக்கில் ஜெர்மனியின் கோட்டிங்கன் நகரில் ஆல்பர்ட் நீமன் என்ற வேதியியலாளர் இலையின் சாரத்தைத் தனியே பிரித்தெடுத்து அதற்குக் கோகைன் என்று பெயர் வைத்தார். 1884-இல் வியன்னாவின் கார்ல் கொல்லர் அதைக் கண்ணில் சொட்டு விட்டு, வலியில்லாமல் அறுவைச் சிகிச்சை செய்ய முடியும் என்று காட்டினார். மருத்துவத்தில் உறுப்பை மட்டும் மரக்கச் செய்யும் முறை அங்கிருந்துதான் கிளைத்தது.

கடத்தல்காரர்கள் கையில் புழங்கும் வெள்ளைத் தூள் கோகைனின் உப்பு வடிவம். நீரில் கரையும், ஆனால் சூட்டைத் தாங்காது. உருகுவதற்கே 190 பாகை செல்சியஸுக்கு மேல் வெப்பம் வேண்டும், அதற்குள் பெரும்பகுதி சிதைந்துபோகும். அதனால் தூளைப் புகைக்க முடியாது, மூக்கால் உறிஞ்ச வேண்டும். இங்கே இயற்கை ஒரு தடுப்பையும் வைத்திருக்கிறது. கோகைன் பட்ட இடத்தில் ரத்தக் குழாய்கள் சுருங்கும். மூக்கின் உட்சவ்வில் அது படிந்ததும் அங்குள்ள குழாய்கள் சுருங்கி, மேற்கொண்டு உள்ளே போகும் வேகம் குறைகிறது. மருந்தே தன் வழியைக் கொஞ்சம் அடைத்துக்கொள்கிறது. போதை உச்சத்துக்கு ஏறக் கால் மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது.

உப்பில் ஒட்டியுள்ள அமிலப் பகுதி நீங்கினால் எஞ்சுவது காரவடிவக் கோகைன். அது 98 பாகையிலேயே உருகி, பெரிதும் சிதையாமல் ஆவியாகிறது. இதுதான் 1980-களின் நடுவில் அமெரிக்க நகரங்களில் பரவிய கிராக். மூலக்கூறின் செயல்பாட்டில் மாற்றம் எதுவும் இல்லை. மாறியது உடலுக்குள் நுழையும் வாசல் மட்டுமே. விரித்தால் ஒரு பெரிய வீட்டின் தரையளவு பரப்பு கொண்டது நுரையீரலின் உட்புறம். அதன் ஊடாக ரத்தத்தில் கலக்கும் ஆவி, நேரே இதயத்துக்குப் போய், அடுத்த துடிப்பில் மூளைக்கு ஏறுகிறது. இதற்குப் பத்து நொடிகூட ஆவதில்லை.

மூளையில் நடப்பது என்ன? ஒரு நரம்பணு டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரந்து அடுத்த நரம்பணுவுக்குச் செய்தி அனுப்புகிறது. செய்தி போய்ச் சேர்ந்ததும் சுரந்த டோபமைனைத் திரும்ப உறிஞ்சி எடுத்துக்கொள்ள அதன் சுவரில் சிறப்புப் புரதங்கள் இருக்கின்றன. கோகைன் அந்தப் புரதங்களைப் போய் அடைக்கிறது. மடை அடைபட்ட வயலில் தண்ணீர் ஏறுவதுபோல நரம்பணுக்களின் இடைவெளியில் டோபமைன் ஏறுகிறது. அந்த ஏற்றத்தைத்தான் மனிதர் பரவசமாக உணர்கிறார்.

நோரா வோல்கோவ் தலைமையிலான ஆய்வாளர்கள் 2000-ஆம் ஆண்டு வாக்கில் மூளையைப் படம் பிடித்து ஒரு நுட்பமான உண்மையைக் கண்டறிந்தார்கள். மூக்கு வழியாகப் போனாலும் நுரையீரல் வழியாகப் போனாலும், கோகைன் அடைக்கும் புரதங்களின் விகிதத்தில் பெரிய வேறுபாடு இல்லை. ஆனாலும் புகைத்தவர்களே மிகுந்த போதையை உணர்ந்ததாகச் சொன்னார்கள். எவ்வளவு அடைபட்டது என்பதைவிட எவ்வளவு விரைவாக அடைபட்டது என்பதே போதையைத் தீர்மானித்தது. விரைவாக ஏறியது விரைவாகவே இறங்கும். ஐந்து, பத்து நிமிடங்களில் பரவசம் வடிந்து, அடுத்த கிராக் சில்லுக்கான தவிப்பு தொடங்குகிறது.

இந்த வேகம்தான் எட்மண்டின் மூலதனம். ஒரு முறை வாங்கிப் பல நாள் வைத்துக்கொள்ளும் வாடிக்கையாளருக்குத் தெருக்கடை தேவையில்லை. அரை மணிக்கொரு முறை திரும்பி வரும் வாடிக்கையாளருக்கு இரவு பகல் மூடாத கடை வேண்டும்.

தெருவில் ஓர் அங்காடி

வாஷிங்டனின் வடகிழக்குப் பகுதியில் ஆர்லியன்ஸ் பிளேஸ், மார்ட்டன் பிளேஸ் என்று இரண்டு குறுகிய தெருக்கள் இருக்கின்றன. நாடாளுமன்றக் கட்டடத்தின் குவிமாடத்திலிருந்து ஏறத்தாழ இரண்டு கிலோமீட்டர் தூரம். எட்மண்டின் உறவினர் வீடு பக்கத்துத் தெருவில் இருந்தது. பெற்றோர் அரசு வேலை பார்த்தவர்கள். வீட்டில் சட்டவிரோத வியாபாரமும் கூடவே நடந்தது. பின்னாளில் குற்றவாளிக் கூண்டில் எட்மண்டோடு அவருடைய நெருங்கிய சொந்தங்கள் பலரும் நின்றார்கள்.

வியாபாரத்துக்கு அந்தத் தெருக்களின் அமைப்பே தோதாக இருந்தது. ஒரு வழிப்பாதை, இருபுறமும் ஒட்டி ஒட்டி வீடுகள், பின்னால் சந்துகள். போலீஸ் வண்டி திரும்பினால் முனையில் நிற்கும் பையன் குரல் கொடுப்பான். விற்பவர்கள் சந்துக்குள் மறைவார்கள். பொட்டலம் ஒருவர் கையில், பணம் இன்னொருவர் கையில். வாங்குபவர்கள் வரிசையில் நின்றார்கள்.

சரக்கு வந்த வழி இன்னொரு கணக்கு. 1980-களில் கொலம்பியாவிலிருந்து வரத்து பெருகி, கோகைனின் மொத்த விலை ஆண்டுக்காண்டு சரிந்தது. அதுவும் மேற்குக் கரையில் விலை தாழ்வு, கிழக்கில் அதிகம். லாஸ் ஏஞ்சலீஸைச் சேர்ந்த மெல்வின் பட்லர் என்ற தரகரோடு எட்மண்டுக்குத் தொடர்பு ஏற்பட்ட பிறகு, பணம் பெட்டி பெட்டியாக மேற்கே போனது, சரக்கு கிழக்கே வந்தது. உள்ளூர்ப் போட்டியாளர்கள் பல கை மாறி வாங்கியதை அவர் மூலத்துக்கு அருகில் போய் வாங்கினார். இந்த எழுச்சியில் அவருடைய சொந்தத் திறமை என்று ஒன்று உண்டென்றால் அது இதுதான்: வேகமாக விற்கும் ஒரு பொருளை, மலிவாக வாங்கும் இடத்தோடு இணைத்தது.

விலையில் பெரும்பங்கு எதற்கு?

இலை பயிரிடும் விவசாயிக்குக் கிடைப்பது தெருமுனை விலையில் ஓரிரு சதவீதம்தான். பதப்படுத்துவதும் ஏற்றி வருவதும் பெரிய செலவில்லை. பிறகு மீதி எங்கே போகிறது?

1986-இல் பீட்டர் ராய்ட்டர், மார்க் கிளைமன் என்ற இரு அறிஞர்கள் இதற்கு ஒரு தெளிவான விளக்கம் தந்தார்கள். விலையில் பெரும்பகுதி இடருக்கான கூலி. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒருவர் சிறைக்குப் போகும் வாய்ப்பையோ சுடப்படும் வாய்ப்பையோ ஏற்றுக்கொள்கிறார். அதற்கு ஈடாக விலையை ஏற்றுகிறார். போலீஸ் கெடுபிடி விலையைக் கூட்டும். ஆனால் அந்தக் கூடுதல் விலையே புதியவர்களை உள்ளே இழுக்கும் கூலியாகவும் ஆகிவிடும். 1980-களில் கைதுகள் பெருகியபோதும் விலை இறங்கியதற்கு ஒரு காரணம், இடரைத் தாங்க ஆள் கிடைத்துக்கொண்டே இருந்தது.

ஏன் ஆள் கிடைத்தது? சிகாகோவில் சுதிர் வெங்கடேஷ் என்ற சமூகவியலாளரின் கைக்கு ஒரு கிராக் கும்பலின் கணக்கேடு வந்து சேர்ந்தது. நான்கு ஆண்டு வரவு செலவு அதில் மாதவாரியாக எழுதப்பட்டிருந்தது. அதைப் பொருளாதார அறிஞர் ஸ்டீவன் லெவிட்டோடு சேர்ந்து அவர் ஆராய்ந்து 2000-இல் வெளியிட்டார். வட்டாரத் தலைவருக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு லட்சம் டாலர். தெருவில் நின்று விற்ற பையன்களுக்கு மணிக்கு மூன்று டாலர் சில்லறை; சட்டப்படியான குறைந்தபட்சக் கூலியைவிடக் குறைவு. அந்த நான்கு ஆண்டு முழுக்கக் கும்பலில் இருந்தவர்களில் நால்வரில் ஒருவர் கொல்லப்படும் அளவுக்கு ஆபத்து. அவர்களில் பலர் இன்னும் அம்மா வீட்டில்தான் குடியிருந்தார்கள்.

இந்தக் கூலிக்கு யாராவது வருவார்களா என்றால், வந்தார்கள். மேலே இருப்பவனின் காரும் நகையும் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்தன. வாஷிங்டனின் ஜார்ஜ்டவுன் பகுதியில் ஒரு துணிக்கடையில் மட்டும் எட்மண்ட் நாலரை லட்சம் டாலருக்கு மேல் செலவழித்ததாக விசாரணையில் தெரியவந்தது. அந்த ஆடம்பரம் அவருடைய பலவீனமாகத் தெரியலாம். ஆனால் கீழே நிற்பவர்களுக்கு அது ஆள்சேர்ப்பு விளம்பரம். ஒரு நாள் நானும் அங்கே போவேன் என்ற நம்பிக்கையில் நூறு பேர் குறைந்த கூலிக்கு உழைக்கும் அமைப்பில், தலைவர் இடத்துக்கு எப்போதும் நூறு பேர் காத்திருக்கிறார்கள்.

வழக்காட முடியாத வியாபாரம்

கிராக் புகைத்தவர்கள் வெறிபிடித்துக் கொன்றார்கள் என்ற எண்ணம் அந்நாளில் பரவலாக இருந்தது. கொலைகளின் பின்னணியைப் பிரித்துப் பார்த்த ஆய்வாளர்கள், கிராக் சம்பந்தப்பட்ட கொலைகளில் பெரும்பாலானவை வியாபாரத் தகராறுகள் என்று கண்டார்கள். கடன் திரும்பவில்லை என்றால் இந்த வியாபாரி நீதிமன்றம் போக முடியாது. தன் தெருமுனையில் இன்னொருவன் கடை போட்டால் பட்டா காட்ட முடியாது. ஒப்பந்தம், சொத்துரிமை, கடன் வசூல் என்று சட்டபூர்வமான வியாபாரத்தில் காகிதத்தால் நடக்கும் எல்லாமும் இங்கே துப்பாக்கியால் நடந்தது.

புதிய சந்தையில் எல்லைகள் வகுபட்டிருக்காது. அதனால் தொடக்க ஆண்டுகளில்தான் ரத்தம் அதிகம். ரோலண்ட் ஃப்ரையர், லெவிட் உள்ளிட்ட பொருளாதார அறிஞர்கள் நகரவாரியாகக் கிராக்கின் பரவலை அளந்து பார்த்தபோது, 1984 முதல் 1989 வரையிலான அதன் எழுச்சியோடு, 14 முதல் 17 வயது வரையிலான கறுப்பினச் சிறுவர்கள் கொலையுண்ட விகிதம் இரட்டிப்பானது பொருந்தி வந்தது. பதினைந்து வயதுப் பையன் தெருமுனையில் நின்றதும், அவன் இடுப்பில் துப்பாக்கி இருந்ததும் இந்த எண்ணுக்குப் பின்னால் இருக்கும் கதை.

அமெரிக்க அரசு இதற்குக் கொடுத்த பதில் 1986-ஆம் ஆண்டுச் சட்டம். அந்த ஜூன் மாதம் மேரிலேண்ட் பல்கலைக்கழகத்தின் கூடைப்பந்து நட்சத்திரம் லென் பயஸ், பாஸ்டன் அணிக்குத் தேர்வான இரண்டாம் நாள் கோகைனால் இறந்துபோனார். நாடு பதறியது. அந்தப் பதற்றத்தில் நிறைவேறிய சட்டம், ஐந்து கிராம் கிராக்குக்கும் ஐந்நூறு கிராம் தூளுக்கும் ஒரே மாதிரி குறைந்தபட்சம் ஐந்தாண்டுச் சிறையை விதித்தது. மூலக்கூறு ஒன்றே, தண்டனையில் நூறு மடங்கு வேறுபாடு. கிராக்குக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் மிகப் பெரும்பான்மையினர் கறுப்பினத்தவர். 2010-இல்தான் அந்த விகிதம் பதினெட்டு மடங்காகக் குறைக்கப்பட்டது.

வீழ்ச்சியும் அதன் பின்னும்

எட்மண்டின் பெயர் எட்டியிருந்த உயரத்தை ஒரு சம்பவம் காட்டும். ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகக் கூடைப்பந்துப் பயிற்சியாளர் ஜான் தாம்சன், தன் அணி வீரர்கள் சிலர் எட்மண்டோடு பழகுவதை அறிந்தார். ஆறடி பத்து அங்குல உயரமும் நகரம் முழுக்க மதிப்பும் கொண்டவர் அவர். எட்மண்டைத் தன் அலுவலகத்துக்கு வரச் சொல்லி அனுப்பினார். எட்மண்ட் வந்தார். என் பையன்களை விட்டு விலகு என்று தாம்சன் சொன்னதைக் கேட்டுக்கொண்டு போனார். துப்பாக்கியும் பணமும் கைவசம் இருந்த ஒருவர், ஒரு பயிற்சியாளரின் சொல்லுக்குப் பணிந்தார். சமூகத்தின் மரியாதைக் கயிறு அவரை இன்னும் கட்டியிருந்தது என்பதற்கு இது ஓர் அரிய சாட்சி.

1989 ஏப்ரலில் கூட்டாட்சி போலீஸும் நகரப் போலீஸும் சேர்ந்து அவரையும் கூட்டாளிகளையும் பிடித்தார்கள். விசாரணை தொடங்கவிருந்த செப்டம்பரில் அதிபர் ஜார்ஜ் புஷ் தொலைக்காட்சியில் தோன்றி, ஒரு பை நிறைய கிராக்கைக் கையில் தூக்கிக் காட்டினார். வெள்ளை மாளிகைக்கு எதிரே உள்ள லஃபாயெட் பூங்காவில் பிடிபட்டது என்றார். பிறகு வெளிவந்த உண்மை வேடிக்கையானது. உரைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும் என்பதற்காகவே அதிகாரிகள் ஒரு சிறு வியாபாரியை அந்தப் பூங்காவுக்கு வரவழைத்திருந்தார்கள். அங்கே வாடிக்கையாளர் கிடையாது. வாடிக்கையாளர் இல்லாத இடத்தில் விற்பவர் நிற்க மாட்டார். அடுத்த ஜனவரியில் நகரத்தின் மேயர் மேரியன் பேரி, ஓட்டல் அறையில் கிராக் புகைக்கும்போது கையும் களவுமாகப் பிடிபட்டார். தேவை எவ்வளவு உயரம் வரை எட்டியிருந்தது என்பதை நாடே பார்த்தது.

ஆயுள் தண்டனை பெற்ற எட்மண்ட், பென்சில்வேனியாவின் லூயிஸ்பர்க் சிறைக்கு அனுப்பப்பட்டார். அங்கே அவருக்குப் பழக்கமானவர்கள் கொலம்பியக் கடத்தல் தலைவி கிரிசெல்டா பிளாங்கோவின் மகன்கள். வெளியில் இருந்தவரை எட்மண்டுக்கு இடைத்தரகர்கள் வழியாகவே சரக்கு வந்தது. சிறை அவரை நேராக மூலத்தின் பக்கத்தில் கொண்டுபோய் உட்காரவைத்தது. கைதிகளுக்கான தொலைபேசியைக் கொண்டே அவர் வாஷிங்டன் வியாபாரிகளைக் கொலம்பியரோடு இணைத்துவிட்டார். ஒரே நாளில் ஐம்பதுக்கும் மேற்பட்ட அழைப்புகள் செய்ததுகூட உண்டு என்று நீதித் துறையின் உள் ஆய்வு பின்னர் பதிவு செய்தது. சிறையில் இருந்தபடி நடத்திய வியாபாரமும் 1990-களின் நடுவில் வெளிப்பட்டது. 1996-இல் குற்றத்தை ஒப்புக்கொண்டார். மேலும் முப்பது ஆண்டு தண்டனை சேர்ந்தது. அதற்குள் அவர் அரசுக்குத் தகவல் சொல்பவராக மாறியிருந்தார். சிறையில் இருந்த தாயின் தண்டனையைக் குறைப்பது அந்த உடன்பாட்டின் ஒரு பகுதி.

வலையின் கணக்கு

பெரும்புள்ளியை நீக்கினால் வலை அறுந்துவிடும் என்ற எண்ணத்துக்கு அறிவியல் ஆதரவு இல்லாமல் இல்லை. 2000-இல் ரேகா ஆல்பர்ட், ஹாவூங் ஜியோங், ஆல்பர்ட் லாஸ்லோ பரபாசி மூவரும் ஒரு புகழ்பெற்ற முடிவை வெளியிட்டார்கள். இணையம் போன்ற வலைகளில் சில முனைகளுக்கு மட்டும் ஏராளமான இணைப்புகள் இருக்கின்றன. கண்டபடி முனைகளை அகற்றினால் அந்த வலைகளுக்கு ஒன்றும் ஆவதில்லை. அதிக இணைப்புள்ள முனைகளைக் குறிவைத்து அகற்றினால் வலை துண்டு துண்டாகிவிடும்.

குற்றக் கும்பலுக்கு இதை அப்படியே பொருத்தலாமா? அந்தக் கணக்கில் முனைகள் ஜடப்பொருள்கள். அகற்றியபின் எஞ்சியவை சும்மா இருக்கும். மனிதர்கள் சும்மா இருப்பதில்லை. கனடாவின் மொன்ட்ரியல் நகரில் 1994 முதல் 1996 வரை ஒரு கடத்தல் கும்பலைத் தொடர்ந்த போலீஸார் ஒரு விசித்திரமான முறையைக் கையாண்டார்கள். சரக்கைப் பறிமுதல் செய்தார்கள், ஆனால் கடைசிவரை யாரையும் கைது செய்யவில்லை. ஒட்டுக்கேட்ட உரையாடல்களைக் கொண்டு குற்றவியலாளர் கார்லோ மோர்செல்லி அந்த வலையைக் காலவரிசையில் வரைந்து பார்த்தார். ஒவ்வொரு பறிமுதலுக்குப் பிறகும் இணைப்புகள் இடம் மாறின. தொடக்கத்தில் எல்லாமே ஒரே தலைவரைச் சுற்றி ஓடியது. அடி விழ விழ, மற்றவர்கள் அவர் வழியாகப் போகாமல் தங்களுக்குள் நேராகப் பேசத் தொடங்கினார்கள். கும்பல் சரக்கைக்கூட மாற்றிக்கொண்டது.

2014-இல் பால் டைன், விக்டர் காஷிரின், பீட்டர் ஸ்லூட் ஆகியோர் நெதர்லாந்தின் கஞ்சா உற்பத்தி வலையைக் காவல்துறைத் தகவல்களிலிருந்து கணினியில் உருவாக்கி, விதவிதமான முறைகளில் ஆட்களை நீக்கிப் பார்த்தார்கள். நீக்கப்பட்டவரின் வேலையைச் செய்யத் தெரிந்தவர், ஏற்கெனவே பழக்கமுள்ளவர்களிலிருந்தே கிடைத்துவிட்டார். பல நேரங்களில் அடிபட்ட பிறகு வலை முன்பைவிடத் திறமையாக இயங்கியது. புதிய ஆளைத் தேடும் அலைச்சலில் தொலைவில் இருந்தவர்களும் நெருங்கி வந்ததே காரணம். எட்மண்டின் சிறை நட்பு இந்தக் கணினிப் பாடத்தின் நேரடி உதாரணம். அவரை நீக்குவதற்காகச் செய்த காரியமே வாஷிங்டனையும் கொலம்பியாவையும் முன்பைவிட நெருக்கமாக்கியது.

வன்முறைக்கும் இதே தர்க்கம். மெக்சிகோவின் போதைப்போரில் கும்பல் தலைவர்கள் பிடிபட்ட, கொல்லப்பட்ட ஊர்களைப் பொருளாதார அறிஞர்கள் ஜேசன் லிண்டோவும் மரியா பதியா ரோமோவும் ஆராய்ந்தார்கள். தலைவர் போனதும் அந்த ஊரின் கொலை விகிதம் உயர்ந்தது, அந்த உயர்வு மாதக்கணக்கில் நீடித்தது. யாருக்கு எந்தத் தெருமுனை என்று வகுத்து வைத்த கை போய்விட்டால், எல்லைகளை மறுபடியும் துப்பாக்கிதான் வகுக்க வேண்டும். வாஷிங்டனின் 1990, 1991 எண்களை இந்த ஒரு காரணத்தால் மட்டும் விளக்கிவிட முடியாது. ஆனால் அவை குறையாமல் போனதில் வியப்பில்லை என்பது விளங்குகிறது.

சந்தை எப்படி வற்றியது?

அப்படியானால் கிராக் காலம் எப்படி முடிந்தது? முடிவுக்கான சான்று எதிர்பாராத ஓரிடத்தில் கிடைத்தது: கைதானவர்களின் சிறுநீரில். வாஷிங்டனில் 1984 முதலே கைதானவர்களைச் சோதித்துவந்தார்கள். தொடக்கத்தில் ஐந்தில் ஒருவருக்கும் குறைவாகவே கோகைன் தெரிந்தது. 1988 வாக்கில் அறுபது சதவீதத்தைத் தாண்டியது. இத்தகைய சோதனைகளை நகரம் நகரமாகப் பார்த்த ஆண்ட்ரூ கோலுப், புரூஸ் ஜான்சன் இருவரும் தொற்றுநோயின் வரைபடத்தைப் போன்ற ஒன்றைக் கண்டார்கள். மெல்லத் தொடக்கம், திடீர்ப் பரவல், உச்சம், பிறகு தேய்வு.

தேய்வு வந்த விதம் கவனத்துக்குரியது. பழகியவர்கள் பலர் விடவில்லை. புதியவர்கள் தொடங்கவில்லை. 1970-களிலும் அதற்குப் பின்பும் பிறந்தவர்கள், தங்கள் அண்ணனும் மாமாவும் தாயும் கிராக்கில் சீரழிந்ததைச் சிறுவயதில் வீட்டிலேயே பார்த்தவர்கள். அவர்களுக்கு கிராக் குடிப்பவன் என்பதே தெருவில் மிகக் கேவலமான வசவு. அந்த இளைஞர்கள் கஞ்சாவோடு நின்றுகொண்டார்கள். எந்தச் சட்டமும் சாதிக்காததை வெட்கம் சாதித்தது.

ஃப்ரையர் குழுவின் ஆய்வில் இன்னொரு வியப்பு உண்டு. 2000 வரையிலும் கிராக்கின் அளவு பெரிதாகக் குறையவில்லை; அதோடு ஒட்டியிருந்த கொலைகள்தான் பெருமளவு மறைந்தன. விலை சரிந்து லாபம் மெலிந்துவிட்டது. எல்லைகள் ஓரளவு நிலைத்துவிட்டன. தெருமுனையில் நிற்பதைவிட்டு, தெரிந்த வாடிக்கையாளரைத் தொலைபேசியில் பேசிச் சந்திக்கும் பழக்கம் வந்தது. சுட்டுப் பிடிக்க வேண்டிய தெருமுனைக்கு மதிப்பே குறைந்துவிட்டது. 2012-இல் வாஷிங்டனில் நடந்த கொலைகள் 88.

ஆளை விட்டு இடத்தை

இந்தப் பாடங்களைக் கையில் எடுத்துச் சோதித்த ஓர் ஊர் வட கரோலினாவின் ஹை பாயிண்ட். 2004-இல் அங்கே வெஸ்ட் எண்ட் என்ற பகுதியில் தெருவோரக் கிராக் சந்தை வெளிப்படையாக நடந்துவந்தது. குற்றவியலாளர் டேவிட் கென்னடியின் யோசனைப்படி, போலீஸார் அங்கே விற்ற அனைவர் மீதும் சாட்சியத்தோடு வழக்கைத் தயார் செய்தார்கள். வன்முறையில் ஈடுபட்ட சிலரை மட்டும் கைது செய்தார்கள். மற்றவர்களைத் தாய், பாட்டி, பாதிரியார் முன்னிலையில் ஒரு கூட்டத்துக்கு அழைத்து, வழக்குக் கோப்புகளைக் காட்டினார்கள். இன்றோடு நிறுத்தினால் கோப்பு மேசையிலேயே இருக்கும். வேலை தேட உதவியும் உண்டு. நாளை மறுபடி விற்றால் கோப்பு நீதிமன்றம் போகும். எல்லோரும் ஒரே நாளில் விலகியதால், வாங்க வந்தவர்களுக்கு ஆள் இல்லை. வாங்குபவர் வராததால் புதிதாக விற்க வருபவருக்கும் லாபம் இல்லை. தெருச் சந்தை கலைந்தது. பிற ஊர்களில் இதே முறை ஒரே மாதிரிப் பலன் தரவில்லை. காவல்துறையும் தெருவும் ஒருவரை ஒருவர் நம்பிய இடங்களில்தான் வேர் பிடித்தது. இருந்தாலும், எட்மண்ட் வழக்கில் தவறவிட்ட புள்ளியை ஹை பாயிண்ட் தொட்டுவிட்டது: காலியாகும் இடத்தை நிரப்ப வேண்டிய காரணத்தையே இல்லாமல் செய்வது.

எட்மண்டை விடுவிக்கலாமா என்ற கேள்வி 2019-இல் எழுந்தபோது, வாஷிங்டனின் அட்டர்னி ஜெனரல் நகர மக்களிடமே கருத்துக் கேட்டார். வந்த பதில்கள் ஏறத்தாழ சரிபாதியாகப் பிரிந்து நின்றன. 2021-இல் நீதிபதி எம்மெட் சல்லிவன் ஆயுள் தண்டனையை இருபது ஆண்டாகக் குறைத்தார்; 1996-இல் சேர்ந்த முப்பது ஆண்டு தண்டனை அப்படியே இருந்தது. 2024-இல் சிறையிலிருந்து கண்காணிப்பு இல்லத்துக்கு மாற்றப்பட்ட எட்மண்ட், அந்த டிசம்பரிலேயே தம் 60-ஆவது வயதில் இறந்துபோனார்.

அவர் ஆண்ட காலம் இரண்டு, மூன்று ஆண்டுகள்; சிறையில் கழித்தது முப்பத்தைந்து ஆண்டுகள். ஒரு மூலக்கூறு மூளையை எட்டும் நேரம் பத்து நொடிக்குக் குறைந்ததால் திறந்த வாய்ப்பு அவரை உயர்த்தியது. அந்த வாய்ப்பு, அவர் பிடிபட்ட பிறகும் திறந்தேதான் இருந்தது. கூண்டில் நிற்கும் ஒரு முகத்தை வெறுப்பது எளிது, தொலைக்காட்சிக்கும் வசதி. தேவை, விலை, தெரு, இளைஞனின் நம்பிக்கை ஆகியவற்றுக்கு முகம் கிடையாது. கொலைக் கணக்கு இறங்க வேண்டுமானால் மாற வேண்டியவை அவையே.